தெருக்குட்டிதானே, தானாக வளரும் என்று நினைக்காதீர்கள்

மழை விட்ட மறுநாள் காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் போனால், நிறுத்தி வைத்த மீன்பாடி வண்டிக்கு அடியில் இரண்டு மூன்று நாய்க்குட்டிகள் முனகிக்கொண்டிருக்கும். பாவம் என்று ஒன்றைத் தூக்கி வந்துவிடுகிறோம். தாய் இல்லை என்று நாமே முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. அது இரை தேடிப் போயிருக்கும். கொஞ்ச நேரம் தள்ளி நின்று பாருங்கள். எட்டு வாரமாவது தாயோடும் கூடப்பிறந்தவையோடும் குட்டி இருக்க வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்பதை அங்கேதான் கற்றுக்கொள்கிறது. அதுவரை தாய்க்குச் சோறு வைத்தாலே பெரிய உதவி.

தூக்குவதற்கு முன் ஹவுஸ் ஓனரிடம் பேசிவிடுங்கள். போர்ஷன் வீட்டில் இந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டு, ஆறு மாதம் கழித்து நாயைத் தெருவில் விடுகிறவர்கள் நிறைய. வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

அடுத்தது, எல்லோரும் சொல்லும் வசனம்: "தெருவில் பிறந்தது, எதையும் தாங்கும்." தாங்காது. பார்வோ வைரஸ் நாட்டு நாய், ஜாதி நாய் என்று பார்ப்பதில்லை. வாந்தியும் ரத்தப்பேதியுமாகச் சில நாளில் குட்டி போய்விடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை. மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி. ஒரு ஊசியோடு நிறுத்திவிட்டு "போட்டாச்சு" என்பது போடாததற்குச் சமம். குடற்புழு மருந்தும் உண்டு. வடசென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான். கூட்டம் இருக்கும், காலையிலேயே போங்கள்.

ஊசி போடாத குட்டி கீறினாலோ கடித்தாலோ "சின்னதுதானே" என்று மஞ்சள் வைத்து உட்காராதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். குட்டிக்கும் வெறிநோய் வரும்.

நோய்க்குப் பயந்து நான்கு மாதம் வீட்டுக்குள்ளேயே பூட்டி வைப்பது இன்னொரு பிழை. மூன்று முதல் பதினான்கு வாரத்துக்குள் எதையெல்லாம் பார்த்துப் பழகுகிறதோ அதற்கெல்லாம் பிற்பாடு அவ்வளவாகப் பயப்படாது. நம் ஊரில் கன்டெய்னர் லாரி ஹாரன், சாவு மேளம், பட்டாசு என்று சத்தத்துக்குப் பஞ்சமா? ஊசி முடியும்வரை தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போங்கள். லாரி தூரத்தில் வரும்போதே உப்பில்லாமல் வேகவைத்த கோழித்துண்டு ஒன்றை வாயில் கொடுங்கள். உடம்பு நடுங்கினால் இன்னும் தள்ளி நில்லுங்கள்; கிட்டே கொண்டுபோய்க் காட்டினால் பயம் தெளியும் என்பதெல்லாம் சும்மா.

வீட்டுக்குள் மூத்திரம் போனால் மூக்கை அதில் தேய்க்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அதனால் குட்டி கற்றுக்கொள்வது ஒன்றுதான்: இவர்கள் பார்க்காதபோது கட்டிலுக்கு அடியில் போக வேண்டும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோங்கள். போன அந்த நொடியே பாராட்டுங்கள். ஹவுசிங் போர்டில் மூன்றாம் மாடி என்றால் ஊசி முடியும்வரை பால்கனியில் பழைய பேப்பர் போதும்.

கடிப்பதும் அப்படித்தான். லுங்கி ஓரத்தைப் பிடித்து உறுமி இழுப்பதைப் பார்த்துச் சிரித்து, வீடியோ எடுத்து, விரலையும் கொடுத்துப் பழக்குகிறோம். ஆறு மாதத்தில் அதே காரியத்துக்கு அடி. பல் முளைக்கும் காலத்தில் அதற்கு எதையாவது மென்றே ஆக வேண்டும். பல் தோலில் பட்டதும் விளையாட்டை நிறுத்திவிட்டு முடிச்சுப் போட்ட பழைய துணியைக் கொடுங்கள். இதில் வீட்டிலுள்ள அத்தனை பேரும் ஒத்துப்போக வேண்டும். பேரன் கடிக்க விட, தாத்தா விரட்டினால் நாய் குழம்பும்.

பாலில் வயிறு கெடும். பிரியாணி மிச்சம் வேண்டாம்: வெங்காயம் நாய்க்கு ஆகாது, வெந்த எலும்பு சிலாம்பாகி குடலைக் குத்தும். நாள் முழுக்க மாடிப்படியில் சங்கிலியில் கட்டிவைத்தால் காவல் நாய் வராது, போவோர் வருவோரைப் பாய்கிற நாய்தான் வரும்.

மாநகராட்சி உரிமம் எடுப்பது கட்டாயம். வெறிநாய்க்கடி ஊசி போட்ட சான்றிதழ் கேட்பார்கள், அந்த அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள்.