குளிரில் விறைத்த பைக் டயரை வீட்டு வாசலில் மாற்ற

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு முதலில் ஒன்று: காலை எட்டு மணிக்கு டயர் மாற்ற உட்காராதீர்கள். குளிரில் ரப்பர் விறைத்து, டயரை நெம்பும் லீவருக்கே வளைந்து கொடுக்காது. புது டயரை இரண்டு மணி நேரம் வெயிலில் போட்டு வையுங்கள். மூட்டம் விலகாத நாளென்றால் வெந்நீரில் நனைத்த துணியை ஓரமாகச் சுற்றிப் போடலாம்.

நான் சொல்வது ஸ்போக் சக்கரத்தில் ட்யூப் போட்ட பின்பக்க டயருக்கு. டயர் லீவர் இரண்டு, வால்வுக்குள் காற்றை அடைத்து நிற்கும் சின்ன ஊசியான வால்வு பின்னைக் கழற்றும் சாவி, ஸ்பேனர், சோப்புத் தண்ணீர், முகப்பவுடர், கைப்பம்பு போதும். ஸ்க்ரூடிரைவரை லீவராக்க வேண்டாம், ட்யூபைக் கிழித்துவிடும்.

நம் வீட்டு வாசல்கள் பெரும்பாலும் சரிவு, அதனால் இருப்பதில் சமமான இடமாகப் பார்த்து சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன் சக்கரத்துக்கு முட்டுக்கல் வையுங்கள். செயின் அட்ஜஸ்டர் இரண்டு பக்கமும் எந்தக் கோட்டில் நிற்கிறது, ஆக்சிலில் கோத்திருக்கும் ஸ்பேசர் வளையம் எந்தப் பக்கம் என்று போனில் படம் எடுத்துக்கொண்டு சக்கரத்தைக் கழற்றுங்கள்.

வால்வு பின்னை எடுத்துக் காற்றை முழுக்க இறக்கி, சக்கரத்தை வேறொரு பழைய டயர் மேல் படுக்கவைத்து, குதிகாலால் சுற்றிலும் மிதித்தால் ஓரம் ரிம்மை விட்டு விலகும். இனி வருவதுதான் முக்கியம். டயர் ஓரத்துக்குள் இருக்கும் கம்பி இழுத்தால் நீளாது. ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. எதிர்ப்பக்க ஓரத்தை முழங்காலால் அந்தப் பள்ளத்துக்குள் அமுக்கி வைத்தால்தான் லீவர் பக்கம் தளர்வு கிடைக்கும். வால்வுக்குக் கீழே ட்யூப் பள்ளத்தை அடைத்துக்கொண்டிருக்கும், அதனால் கழற்றும்போது அங்கே தொடங்குங்கள், மாட்டும்போது அங்கே முடியுங்கள். லீவரால் ஒரு தடவைக்கு இரண்டு விரற்கடை ஓரத்தை நெம்பினால் போதும். முரட்டுத்தனமாக இழுக்க வேண்டியிருந்தால் எதிர்ப்பக்கம் பள்ளத்தில் இல்லை என்று அர்த்தம்.

டயரும் ட்யூபும் வெளியே வந்த பின், ஸ்போக் முனைகளை மூடியிருக்கும் பட்டையான ரிம் டேப்பை விலக்கி அந்த முனைகளைப் பாருங்கள், இந்த மழையிலும் பனியிலும் துரு ஏறியிருக்கும். டயரில் தேதியையும் பாருங்கள்: கடைசி நான்கு எண்கள் 3524 என்றால் 2024-இன் 35-வது வாரம்.

புது டயரில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையைக் காட்டும்படி வைத்து, நிறப் புள்ளி இருந்தால் வால்வுக்கு நேராக நிறுத்துங்கள். ட்யூபில் பவுடர் தூவி, உருவம் நிற்கும் அளவுக்கு மட்டும் காற்றடித்து உள்ளே விடுங்கள். நான் முதல் தடவை கடைசி லீவரை ஆழமாக விட்டு ட்யூபைக் கடிக்க வைத்துவிட்டேன், மறுநாள் காலை டயர் தரையோடு தரையாகக் கிடந்தது. கடைசி இழுப்புக்கு முன்னால் வால்வை ஒரு முறை உள்ளே அமுக்கி விடுங்கள், ட்யூப் ஒதுங்கிக்கொள்ளும்.

காற்றடித்த பிறகு ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே அளவில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி அடியுங்கள். டயரில் அச்சிட்ட அதிகபட்ச அளவைத் தாண்டாதீர்கள்.

செயின், ஆக்சில், பிரேக் எல்லாம் பழையபடி மாட்டிய பின் பிரேக்கை நாலைந்து தடவை மிதித்துப் பாருங்கள். புது ரப்பர் வழுக்கும். முதல் நூறு கிலோமீட்டர் நிதானம் வேண்டும், குன்னூர்–மேட்டுப்பாளையம் ரோட்டின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கு உடனே இறங்காதீர்கள். பக்கத்திலேயே ஓட்டிவிட்டு வந்து வால்வைப் பாருங்கள். சாய்ந்து நின்றால் ட்யூப் உள்ளே நகர்ந்திருக்கிறது, காற்றை இறக்கி நேராக்கி விடுங்கள்.