முரசில் இரத்தம் வந்தால் குளிசையைத் தேடாதீர்கள்

களுவாஞ்சிக்குடியில் என் பெரியம்மாவின் அலுமாரி மேல்தட்டில் ஒரு பிஸ்கட் பேணி இருக்கிறது. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அதைத் திறந்து பார்த்தேன். ஒரு அட்டையில் மூன்று அமொக்சிசிலின், இன்னொன்றில் ஐந்து மெட்ரோனிடசோல். இரண்டுமே கிருமிகளைக் கொல்லும் அன்டிபயோட்டிக் மருந்துகள். எந்த ஆண்டு, யாருக்குக் கொடுத்தது என்று எதிலும் இல்லை. பெரியம்மா ஒரு கப்சூலைப் பிரித்து, உள்ளிருந்த தூளை உள்ளங்கையில் கொட்டி, சுட்டுவிரலால் தொட்டுக் கீழ் முரசில், அதாவது பல் ஈறில், தேய்த்துக்கொண்டிருந்தார். "இரண்டு நாள் போட்டால் இரத்தம் நின்றுவிடும் மகள்" என்றார். இரத்தம் வருகிறதென்று பிரஷ் பிடிப்பதையும் நிறுத்தியிருந்தார்.

அந்த ஒரு காட்சியில் குறைந்தது நான்கு தவறுகள் இருந்தன. நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு நடப்பவைதான் அவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, முரசு வருத்தத்தைக் காய்ச்சல்போல நினைப்பது. குளிசை போட்டால் இரத்தத்தில் கலந்து கிருமியைக் கொன்றுவிடும் என்பது நம் கணக்கு. பல்லோடு ஒட்டியிருக்கும் கிருமிகளோ தனித்தனியாக மிதப்பவை அல்ல. பிசின் போன்ற ஒரு படலத்தைத் தாமே சுரந்து, அதற்குள் அடுக்கடுக்காகக் குடியிருக்கின்றன. அந்தப் படலத்தின் ஆழத்துக்குப் போதிய மருந்து போய்ச் சேர்வதில்லை. நாளடைவில் உமிழ்நீரில் உள்ள கல்சியம் அதன்மேல் படிந்து கல்லாக இறுகிவிடுகிறது. மட்டக்களப்பு வாவியில் நட்ட கம்புகளில் சிப்பி ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் எதைக் கலந்தாலும் அந்தக் கம்பு சுத்தமாகாது, கத்தி வைத்துச் சுரண்டத்தான் வேண்டும். பல்லும் அப்படித்தான். முரசுக்கு மேலும் கீழும் இறுகிய ஊத்தையைக் கருவியால் அகற்றுவதுதான் சிகிச்சை. அன்டிபயோட்டிக் அதற்குத் துணை மட்டுமே, அதுவும் எல்லோருக்கும் தேவைப்படாத துணை.

1965இல் ஹரால்ட் லோ என்ற நோர்வே ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் முரசு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் முரசு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கிய ஒரு வாரமளவில் குணமானது. குளிசை ஒன்றும் இல்லை! ஆகவே இரத்தம் வருகிறதென்று துலக்குவதை நிறுத்துவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. மென்மையான பிரஷ்ஷால், முரசும் பல்லும் சேரும் ஓரத்தில், முன்னையைவிடக் கவனமாகத் துலக்க வேண்டும். இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் பல் வைத்தியரிடம் போக வேண்டும்.

அதே லோ பிற்பாடு இலங்கைக்கு வந்தார். பல் துலக்கும் பழக்கமோ பல் சிகிச்சையோ இல்லாத 480 ஆண் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை 1970இலிருந்து 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 1986இல் வெளியான முடிவு இது: 8 வீதமானோருக்கு நோய் வேகமாக முற்றிப் பற்கள் விழுந்தன, 81 வீதமானோருக்கு மிதமான வேகத்தில் வளர்ந்தது, 11 வீதமானோருக்கு முரசு அழற்சியைத் தாண்டிப் போகவே இல்லை. எல்லோர் வாயிலும் ஊத்தை இருந்தது, ஆனால் உடம்பு அதை ஏற்ற விதம் ஆளுக்கு ஆள் வேறாக இருந்தது. "பக்கத்து வீட்டு அக்காவுக்கு இந்தக் குளிசைதான் சுகமாக்கியது" என்று சொல்லி அதே அட்டையைப் பாமசியில் காட்டி வாங்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் அன்டிபயோட்டிக் எப்போது வேண்டும்? இளவயதிலேயே வேகமாக எலும்பு கரைந்து பல் ஆடுபவர்கள் சிலருக்கு, ஆழமாகச் சுத்தம் செய்வதோடு சேர்த்து வைத்தியர் கொடுப்பார். சீழ் கட்டிக் காய்ச்சல் வந்தால் கொடுப்பார். முரசு நுனிகள் அழுகி, வலியும் பொறுக்க முடியாத நாற்றமும் வந்தால் கொடுப்பார். எந்த மருந்து, எத்தனை நாள் என்பது அவர் முடிவு. சுத்தம் செய்யாமல் குளிசை மட்டும் கேட்டு வாங்கினால் வீக்கம் வற்றும், கல் அப்படியே இருக்கும், சில வாரங்களில் பழைய கதை திரும்பும்.

சுத்தம் செய்வதற்கு நம்மவர்கள் பயப்படுவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. "கல்லை எடுத்தால் பல் ஆடும்" என்று கல்முனையிலும் ஏறாவூரிலும் படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். சுத்தம் செய்தபின் பல்லிடையில் வெளி தெரிவதும் சில கிழமைகள் கூச்சம் இருப்பதும் உண்மைதான். வீங்கிய முரசு வற்றிவிட்டது, கல் நின்ற இடம் வெறுமையாகிவிட்டது. பல்லைப் பிடித்திருந்த எலும்பு அதற்கு முன்பே கரைந்துபோயிருந்தது. கல்லை விட்டுவைத்தால் மிச்ச எலும்பும் போகும்.

மருந்தை வைத்தியரே எழுதித் தந்தாலும் தவறு நடக்கிறது. பெனிசிலின் ஒவ்வாமை இருப்பவர் அதே வகையைச் சேர்ந்த அமொக்சிசிலின் எடுத்தால் உயிருக்கே ஆபத்து வரலாம், முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெட்ரோனிடசோல் எடுக்கும் நாட்களிலும் முடிந்து இரண்டு நாளுக்கும் மது தொடக்கூடாது. இருதய வருத்தத்துக்கு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு அதே குளிசை இரத்தப்போக்கைக் கூட்டும். டொக்சிசைக்ளின் என்ற இன்னொரு அன்டிபயோட்டிக்கைப் பாலோடும் இரும்புச் சத்துக் குளிசையோடும் சேர்த்து விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் வழக்கமாக அதைக் கொடுப்பதில்லை. குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவியை மாதக்கணக்கில் பாவித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும்.

சொன்ன நாளுக்கு முன் நிறுத்துவதும், மிஞ்சியதைப் பேணியில் போட்டுவைப்பதும், அளவு குறைத்துப் போடுவதும் தவறுதான். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945இல் நோபல் உரையிலேயே, குறைந்த அளவில் எடுத்தால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார். நாளை நிமோனியாவுக்கு அதே மருந்து வேலை செய்யாமல் போகும்.

முகம் வீங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமாக இருந்தால் வீட்டில் எந்தக் குளிசையும் பாராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். இரவென்று காத்திருக்க வேண்டாம்.

பெரியம்மாவை அரச வைத்தியசாலையின் பல் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். காசு செலவில்லை, காத்திருப்புத்தான். நீரிழிவு கிளினிக் கொப்பியைப் பார்த்த வைத்தியர் முதலில் சீனி அளவைத்தான் கேட்டார். சீனி கூடினால் முரசு கெடும், முரசு கெட்டால் சீனியைக் கட்டுப்படுத்துவது கஷ்டம் என்று பெரியம்மாவுக்கே நேராக விளக்கினார். வெற்றிலையோடு போடும் புகையிலையை விடச் சொன்னார். பிறகு கீழ் முன்பற்களின் உட்புறத்திலிருந்து சோற்றுப் பருக்கை அளவில் ஒரு கறுப்புத் துண்டை எடுத்துத் தட்டில் போட்டார். பெரியம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று தடவை போக வேண்டியிருந்தது. குளிசை ஒன்றும் எழுதித் தரவில்லை.