பழைய டாஸ் விளையாட்டு சிடியை விண்டோஸ் 11-ல் ஓட்டுவது எப்படி, பாட்டோடு சேர்த்து

விண்டோஸில் பழைய நிரல்களுக்கென்று இருக்கும் கம்பேட்டிபிலிட்டி மோடை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) நிரல்களை ஓட்டும் பகுதியே 64 பிட் விண்டோஸில் கிடையாது, விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பும் இல்லை. விண்டோஸுக்குள்ளேயே ஒரு பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள்தான் வழி. அதிலும் அதன் புதிய வடிவமான டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங்தான் என் கட்சி. மேலே பட்டன் பட்டனாக வைத்து மூடிய முகப்பு மென்பொருள்கள் எனக்குப் பிடிக்காது, ஏதாவது ஓடாவிட்டால் கோளாறு எங்கே என்றே தெரியாது.

அடுத்து சிடி. கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி மழை முடிந்ததும் அலமாரியைத் திறந்தால் துணியில் மட்டுமா பூசணம், சிடியிலும்தான். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், வேர்விட்ட மாதிரி வெள்ளைக் கோடுகள் தெரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு, மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. படம் அச்சடித்த பக்கத்தைச் சுரண்டவே கூடாது, தகவல் அடுக்கு அதற்கு ஒட்டிக் கீழேதான் இருக்கிறது. சீக்கிரம் காயட்டும் என்று கணப்புக்குப் பக்கத்தில் வைத்தால் வளைந்துவிடும்.

இப்போது பலரும் சிக்கும் இடம். சிடியை ஐஎஸ்ஓ என்ற ஒற்றை இமேஜ் கோப்பாக நகலெடுப்பார்கள், விளையாட்டும் ஓடும், துப்பாக்கிச் சத்தம் கேட்கும், ஆனால் பின்னணிப் பாட்டு மட்டும் வராது. என் க்வேக் சிடியிலும் (1996-ல் வந்த விளையாட்டு) இதே கதைதான். அந்தக் காலத்துச் சிடிகள் சிலவற்றில் முதல் டிராக்கில் விளையாட்டும், மற்ற டிராக்குகளில் சாதாரண ஆடியோ சிடி போலப் பாட்டும் இருக்கும். ஐஎஸ்ஓவில் முதல் டிராக் மட்டும்தான் வரும். அதனால் பின், கியூ என்ற ஜோடிக் கோப்புகளாக எடுங்கள். இம்ஜ்பர்ன் என்ற சிடி நகலெடுக்கும் மென்பொருளில் சிடியிலிருந்து இமேஜ் எடுக்கும் வேலையைக் கொடுத்தால், ஆடியோ டிராக் இருப்பதைப் பார்த்து அதுவே இந்த ஜோடியாக எழுதிவிடும். கரண்ட் போய்ப் போய் வருகிற நாளில் லேப்டாப்பில் சார்ஜ் ஏற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

கியூ கோப்பை நோட்பேடில் திறந்தால் முதல் வரியில் பின் கோப்பின் பெயர் இருக்கும். பின் கோப்புக்குப் பெயர் மாற்றினால் அந்த வரியையும் மாற்ற வேண்டும். இடைவெளி இல்லாமல் எட்டு எழுத்துக்குள் பெயர் வைத்தால் பாதித் தலைவலி குறையும்.

டாஸ்பாக்ஸில் விளையாட்டு ஃபோல்டரை மவுண்ட் கட்டளையால் சி டிரைவாகவும், சிடியை ஐஎம்ஜிமவுண்ட் கட்டளையால் டி டிரைவாகவும் ஏற்றுங்கள். கொடுக்க வேண்டியது கியூ கோப்பு, பின் அல்ல. ஆனால் வகை (-t) என்கிற இடத்தில் ஐஎஸ்ஓ என்றே போட வேண்டும், குழம்ப வேண்டாம். இந்த வரிகளை டாஸ்பாக்ஸின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பின் கடைசியில் உள்ள ஆட்டோஎக்ஸெக் பகுதியில் எழுதி வைத்தால் தினமும் தட்டச்சு செய்கிற வேலை மிச்சம். ஒலி அமைப்பு கேட்கும் விளையாட்டுகளுக்கு, ஒலி அட்டை சவுண்ட் பிளாஸ்டர், முகவரி 220, ஐஆர்கியூ 7, டிஎம்ஏ 1 என்று கொடுங்கள்.

அப்புறமும் பாட்டு வரவில்லையா? விளையாட்டுக்குள்ளேயே சிடி மியூசிக் ஒலி அளவு தனியாக இருக்கும், அது பூஜ்யத்தில் இருக்கிறதா பாருங்கள்.

பின்சேர்க்கை: வெளியே செருகும் சிடி டிரைவ் சுற்றிச் சுற்றி நின்றுவிடுகிறது என்று கூடலூர் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். பெரும்பாலும் மின்சாரம் போதாத குறைதான். யூஎஸ்பி ஹப்பை எடுத்துவிட்டு லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள், இரட்டைத் தலை கேபிள் என்றால் இரண்டையும் செருகுங்கள்.