'கெட்' என்ற ஆங்கில வினையைப் பிடிப்பது எப்படி?

பக்கத்து வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி, மாலையானால் ஆங்கில நோட்டோடு என்னிடம் வருவாள். போன வாரம் 'ஷி காட் அப்' என்ற வாக்கியத்துக்குக் கீழே 'அவள் மேலே பெற்றாள்' என்று எழுதியிருந்தாள்.

"ஏன்மா இப்படி?" என்று கேட்டேன்.

"கெட்னா பெறு, காட்னா பெற்றாள், அப்னா மேலே. சரியாத்தானே அத்தை இருக்கு?"

அவள் போட்ட கணக்கில் ஒரு தப்பும் இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் என்று நம்பவைத்ததில்தான் கோளாறு. பெரிய ஆங்கில அகராதிகளில் 'கெட்' பக்கம் பக்கமாக நீளும். அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். அந்தச் சொல்லின் வேர் தெரிந்தால், அப்புறம் வாக்கியத்தில் அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கப் பழகினால் போதும். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: வேரைத் தெரிந்துகொள்ளுங்கள்

'கெட்' ஆங்கிலத்துக்குள் வெளியிலிருந்து வந்த சொல். 9ஆம் நூற்றாண்டில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்த வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் 'கெட்டா' என்றொரு வினை இருந்தது. பெறுவது, அடைவது என்று பொருள். பிள்ளை பெறுவதற்கும் அதே சொல்தான். நம் 'பெறு' அப்படித்தானே? பரிசும் பெறலாம், பிள்ளையும் பெறலாம். 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில், தலைப்பிள்ளை காயீன் பிறந்ததும் ஆதாமின் மனைவி ஏவாள் பேசும் இடத்தில் 'கெட்' சொல்லின் பழைய வடிவமான 'காட்டன்' வருகிறது. தமிழ் பைபிளில் அதே இடத்தில் 'பெற்றேன்' என்று இருக்கிறது. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு மொழிகள் இந்த ஒரு சொல்லில் ஒன்றுபோல யோசித்திருக்கின்றன. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது வியப்புதான்.

இது வந்தேறிய சொல் என்பதற்கு அதன் முதல் எழுத்தே சாட்சி. பழைய ஆங்கிலத்தில் எகரத்துக்கு முன்னால் வந்த 'க' ஒலி 'ய' என்று குழைந்துவிட்டது. ஜெர்மனில் மஞ்சளுக்கு 'கெல்ப்' என்கிறார்கள், அதே வேரிலிருந்து வந்த ஆங்கிலச் சொல் 'யெல்லோ'. இந்தக் கணக்குப்படி 'கெட்' என்பதும் 'யெட்' ஆகியிருக்க வேண்டும். ஆகாமல் நிற்பதற்குக் காரணம், வைக்கிங்குகளின் உச்சரிப்பு அப்படியே தங்கிவிட்டதுதான்.

இன்னும் பின்னால் போனால், ஆங்கிலம், லத்தீன், இந்தி எல்லாம் அடங்கிய இந்தோ ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் பொது வேரில் இதன் பொருள் 'கைப்பற்று, பிடி' என்று மொழியறிஞர்கள் காட்டுகிறார்கள். அதே வேரிலிருந்து லத்தீனில் 'பிரெஹெண்டெரே' வந்தது. சிறையைக் குறிக்கும் 'பிரிசன்', புரிந்துகொள்வதைக் குறிக்கும் 'காம்ப்ரிஹெண்ட்' இரண்டும் அதன் வழி வந்தவை. 'ஃபர்கெட்' என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான். கையில் பிடித்திருந்தது நழுவிப் போவதே மறதி.

ஆகவே நோட்டில் முதல் வரியாக 'கெட் = பிடி' என்று எழுதுங்கள். நாம் பஸ் பிடிக்கிறோம், நமக்குச் சளி பிடிக்கிறது, கணக்கு பிடிபட மாட்டேன் என்கிறது. ஆங்கிலத்தில் 'கெட் எ பஸ்', 'கெட் எ கோல்ட்', 'ஐ டோன்ட் கெட் இட்'. மூன்று இடத்திலும் இரண்டு மொழியும் கைகோத்து நடக்கின்றன.

இரண்டாம் படி: பின்னால் பெயர்ச்சொல் வருகிறதா?

வந்தால் ஏதோ ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 'ஐ காட் எ லெட்டர்' என்றால் எனக்குக் கடிதம் வந்தது. 'ஷி காட் எ ஜாப்' என்றால் அவளுக்கு வேலை கிடைத்தது. ஆங்கிலத்தில் 'நான்', 'அவள்' என்று தொடங்குவது தமிழில் 'எனக்கு', 'அவளுக்கு' என்று மாறுவதைக் கவனியுங்கள். 'நான் ஒரு கடிதத்தைப் பெற்றேன்' என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. இந்த 'கு' உருபு பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

மூன்றாம் படி: நிலையைச் சொல்லும் சொல் வருகிறதா?

வெட், டார்க், ஆங்ரி போன்ற சொல் வந்தால் 'கெட்' மாற்றத்தைக் காட்டுகிறது. 'ஐ காட் வெட்': நனைந்துவிட்டேன். 'இட் காட் டார்க்': இருட்டிவிட்டது. 'இட் வாஸ் டார்க்' என்றால் இருட்டாக இருந்தது, அவ்வளவுதான். வெளிச்சம் போய் இருட்டு வந்த அந்த நகர்வைச் சொல்ல 'காட்' வேண்டும்.

நான்காம் படி: இடமோ திசையோ வருகிறதா?

'வி காட் டு மதுரை': மதுரை போய்ச் சேர்ந்தோம். 'காட் அப்' இந்த வகைதான். படுத்திருந்தவள் நிமிர்ந்த நிலைக்கு வந்து சேர்ந்தாள், அதாவது எழுந்தாள். பஸ்ஸிலும் ரயிலிலும் ஏற 'கெட் ஆன்', காரில் ஏற 'கெட் இன்'.

ஐந்தாம் படி: 'பட்டது' போன்ற வடிவம் வருகிறதா?

'ஹி காட் ஹர்ட்': அடிபட்டான். 'தி தீஃப் காட் அரெஸ்டட்': திருடன் பிடிபட்டான். இங்கே 'கெட்' செய்யும் வேலையைத் தமிழில் 'படு' செய்கிறது. மீனவர்கள் வலையில் மீன் படுகிறது என்பார்கள், கிடைத்த மீனை மீன்பாடு என்பார்கள். சிக்குவது, கைக்குக் கிடைப்பது என்ற பொருளுள்ள சொல்லே இரண்டு மொழியிலும் செயப்பாட்டு வினைக்குத் துணையாக வந்து நிற்கிறது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். விண்ணப்பம், அலுவலகக் கடிதம் எழுதும்போது 'காட்' போட வேண்டாம், 'வாஸ்' போடுங்கள். 'காட்' பேச்சுக்கு நெருக்கமானது.

ஆறாம் படி: இன்னொருவரைக் கொண்டு நடக்கிறதா?

இங்கேதான் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். சலூனுக்குப் போய் வந்து 'ஐ கட் மை ஹேர்' என்று சொன்னால், நானே கத்தரியெடுத்து என் முடியை வெட்டினேன் என்று பொருளாகிவிடும். 'ஐ காட் மை ஹேர் கட்' என்பதே சரி. 'வெட்டினேன்' அல்ல, 'வெட்டிக்கொண்டேன்'. வேலையைச் செய்தது வேறொருவர், அது வந்து சேர்ந்தது என்னிடம். இதே அச்சில் 'ஐ காட் மை பைக் ரிப்பேர்ட்' என்று சொல்லிப் பாருங்கள்.

ஆளைப் போட்டு 'டு' சேர்த்தால் 'வை' வரும். 'ஐ காட் ஹிம் டு கம்': அவனை வரவைத்தேன். 'கெட் மி சம் வாட்டர்' என்றால் எனக்குக் கொஞ்சம் தண்ணீர் கொண்டு வா.

'ஹேவ் காட்' பற்றி ஒரு வார்த்தை. 'ஐ ஹேவ் காட் எ பென்' என்றால் பேனா என்னிடம் இருக்கிறது. வாங்கியாகிவிட்டது, அதனால் இருக்கிறது. இப்படித்தான் பொருள் நகர்ந்தது. அமெரிக்கர்கள் 'ஐ ஹேவ் காட்டன்' என்று சொன்னால் புதிதாகக் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஏவாள் வாயில் வந்த அந்தப் பழைய 'காட்டன்' இங்கிலாந்தின் பொதுவழக்கில் மறைந்துவிட்டது, அமெரிக்காவில் இன்னும் நடமாடுகிறது. இங்கிலாந்திலும் 'ஃபர்காட்டன்' என்ற சொல்லுக்குள் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, பயிற்சிக்கு வருவோம். கீழே உள்ள வரியை நோட்டில் எழுதி, ஒவ்வொரு 'கெட்' அடியிலும் கோடு போடுங்கள். கோட்டுக்கு அடுத்து என்ன வருகிறது என்று மட்டும் பாருங்கள்.

'கெட் ரெடி, கெட் யுவர் பேக் அண்ட் கெட் இன் தி கார்.'

பக்கத்து வீட்டுப் பெண்ணிடமும் இதைத்தான் கொடுத்தேன். 'ரெடி' மேல் பென்சிலை வைத்து, "இது நிலை" என்றாள். 'பேக்' வந்ததும், "இது பொருள்." 'இன்' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றாள். அப்புறம் முந்தைய பக்கத்தைத் திருப்பி 'மேலே பெற்றாள்' என்பதை ரப்பரால் அழித்து 'எழுந்தாள்' என்று எழுதினாள். திரும்பி வந்து இந்த வரியை முடித்தாள்: தயாராகு, பையை எடு, காரில் ஏறு.