ஆன்லைன் ரோல்பிளே கேம்களில் பாட் பிடிப்பது எப்படி: சர்வர் லாக் வைத்து ஒரு செய்முறை

ஆளுக்குப் பதிலாக ஒரு நிரல் உட்கார்ந்து கேம் ஆடினால் அது பாட். பிடிக்கக் கிளம்பும் முன் எந்த வகை பாட் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வகைக்கு விரிக்கும் வலையில் இன்னொரு வகை சிக்காது.

முதல் வகை திரையைப் பார்த்து ஆடும். குறிப்பிட்ட நிறம் எங்கே தெரிகிறது என்று தேடி மவுஸை நகர்த்தும். கேமின் மெமரியை அது தொடுவதே இல்லை, அதனால் கிளையன்ட் (ஆட்டக்காரரின் கணினியில் ஓடும் கேம் நிரல்) பக்கம் தேடும் ஸ்கேனருக்குப் பெரும்பாலும் எதுவும் அகப்படாது. இரண்டாவது வகை, ஓடிக்கொண்டிருக்கும் கிளையன்டின் மெமரியைப் படிக்கும், சில சமயம் உள்ளேயே புகுந்துகொள்ளும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் நீதிமன்றம் வரை போன கிளைடர் இந்த ரகம். மூன்றாவது வகைக்குக் கிளையன்டே வேண்டாம், கேமை நடத்தும் சர்வரிடம் நேரடியாக பாக்கெட் (இணையம் வழி போகும் சிறு தரவுத் துண்டு) மொழியில் பேசும். ராக்னராக் ஆன்லைனுக்கு எழுதப்பட்ட ஓப்பன்கோர் அப்படிப்பட்டது. ஒரே கணினியில் இப்படி ஏகப்பட்டதை ஓட்டலாம் என்பதால் பார்ப்பதற்குப் பயமாக இருக்கும். ஆனால் மூன்றில் எளிதில் விழுவதும் இதுதான். உண்மையான கிளையன்ட் மேப் லோட் ஆக எடுக்கும் நேரம், பையைத் திறந்தால் போகும் சிறு பாக்கெட் போன்றவற்றை இவை அனுப்ப மறந்துவிடும். கேமின் ஒவ்வொரு பேட்ச்சிலும் (புதுப்பிப்பு) பாக்கெட் வகையைக் குறிக்கும் எண்களை மாற்றினால், அதை எழுதியவர் திருத்தும் வரை மொத்தமும் படுத்துவிடும்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டை உருவாக்கிய பிளிஸார்டின் வார்டன் போன்ற ஸ்கேனர்கள் இரண்டாவது வகையைப் பிடிக்கின்றன. ஆனால் அது முடிவில்லாத துரத்தல். ஸ்கேனர் ஓடுவதே பாட்காரரின் கணினியில்தான். சர்வர் லாக்கில், அதாவது ஒவ்வொரு செயலையும் சர்வர் எழுதிவைக்கும் பதிவில், அவர் கை வைக்க முடியாது. அதனால் இனி எல்லாம் சர்வர் பக்கம்.

எதை எழுதி வைப்பது

ஒவ்வொரு செயலுக்கும் அக்கவுண்ட், கேரக்டர், செயலின் வகை, இலக்கு, ஆயத்தொலைவு, மில்லிவிநாடியில் சர்வர் நேரம், டிக் (சர்வர் கேமை ஒரு படி நகர்த்தும் சீரான துடிப்பு) எண், கிளையன்ட் சொல்லும் நேரம், பிங் (தரவு சர்வருக்குப் போய்த் திரும்ப எடுக்கும் நேரம்) ஆகியவை வேண்டும். நேரத்தை முழு விநாடியாகச் சேமிப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் அடுத்த பகுதியில் வரும் எதையும் செய்ய முடியாது. இட அளவைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒரு வரிக்கு 40 பைட், விநாடிக்கு ஒரு செயல், எந்நேரமும் 5,000 பேர் என்றால் நாளுக்குச் சுமார் 17 ஜிபி. மூல லாக்கை இரண்டு வாரம் வைத்துக்கொண்டு, பிறகு சுருக்கத்தை மட்டும் வைத்தால் போதும். சந்தேகப்பட்டியலில் ஏறியவர்களின் மூல லாக்கை மட்டும் அழிக்காதீர்கள்.

இடைவெளியைப் பார்ப்பது

ஒரே செயலின் இரண்டு நிகழ்வுகளுக்கு நடுவே உள்ள நேரத்தை எடுங்கள். குறைந்தது 500 இடைவெளி இல்லாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். அவற்றை 20 மில்லிவிநாடிக் கட்டங்களாகப் பிரித்து வரைந்தால், மனிதருடைய வரைபடம் இடப்பக்கம் குவிந்து வலப்பக்கம் நீண்ட வாலாக இழுக்கும். மனிதரால் ஓர் அளவுக்கு மேல் வேகமாகச் செய்ய முடியாது; தாமதமாவதற்கோ எல்லையே இல்லை. அதனால்தான் அந்த வால். அவசரத்தில் எழுதிய பாட், 800 முதல் 1,200 மில்லிவிநாடிக்குள் ஏதோ ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கும். அதன் வரைபடம் மேசைபோல் தட்டையாக, இரண்டு ஓரத்திலும் செங்குத்தாக வெட்டியதுபோல் இருக்கும். 1,200-ஐத் தாண்டி ஒரு புள்ளிகூட இருக்காது. கொஞ்சம் படித்தவர் எழுதியது மணி வடிவில் வரும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டு பக்கமும் சமமாக இருப்பதே அதைக் காட்டிக்கொடுக்கும்.

வடிவத்தையே சரியாக நடிக்கும் பாட்டும் உண்டு. அங்கே வரிசையைப் பாருங்கள். மனிதர் களைத்தாலோ, சாட்டில் பேசினாலோ தாமதங்கள் அடுத்தடுத்துக் கொத்தாக வரும். பாட்டின் லாக்கில் ஓர் இடைவெளிக்கும் அடுத்ததற்கும் எந்தத் தொடர்பும் இருக்காது, அந்தத் தொடர்பை அளக்கும் தன்தொடர்பு எண் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். பாட் எழுதுபவர்களில் பெரும்பாலோர் இவ்வளவு தூரம் யோசிப்பதில்லை.

இரண்டு இடத்தில் வழுக்கும். முதலாவது டிக். ரூன்ஸ்கேப்பில் ஒரு டிக் 0.6 விநாடி, அப்படிப்பட்ட கேமில் சர்வர் நேரத்தை மட்டும் பார்த்தால் எல்லோருடைய இடைவெளியும் 600-இன் மடங்காகவே வரும், எல்லோரும் பாட் மாதிரி தெரிவார்கள். கிளையன்ட் நேரத்தைச் சேர்த்துப் பாருங்கள். அதைப் போலியாக அனுப்பினால், சர்வர் நேரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் பிங்கோடு சேர்ந்து ஆடாமல் மாறாமல் நிற்கும். இரண்டாவது, இணையம் திக்கினால் ஐந்தாறு பாக்கெட் ஒரே நேரத்தில் வந்து விழும். 5 மில்லிவிநாடிக்குக் குறைந்த இடைவெளிகளையும், பிங் திடீரென எகிறிய பகுதிகளையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இடைஞ்சல் கொடுத்துப் பார்ப்பது

நடக்கும் பாதை ஒரே மாதிரி இருப்பதைப் பலர் பெரிய சாட்சியாக நினைக்கிறார்கள். இருநூறாவது முறை அதே சுரங்கத்துக்குப் போகும் மனிதரும் அதே தடத்தில்தான் போவார். எதிர்பாராதது நடக்கும்போது என்ன செய்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெட்டிக்கொண்டிருந்த தாதுவை இன்னொருவர் வெட்டி முடித்துவிட்டார், வழியில் கதவு மூடியிருக்கிறது, கேரக்டர் இருபது அடி தள்ளி நகர்த்தப்பட்டுவிட்டது என்று வையுங்கள். மனிதர் ஒரு கணம் நிற்பார், கேமராவைச் சுற்றுவார், ஒன்றிரண்டு தப்பான கிளிக் செய்வார். பாட் ஒன்று, எதுவுமே நடக்காததுபோல் அடுத்த கணமே வேலையைத் தொடரும். இல்லாவிட்டால் இருபது நிமிடம் சுவரை முட்டிக்கொண்டே நிற்கும். இந்தச் சோதனையை அட்டவணை போட்டு ஒரே மாதிரி நடத்தாதீர்கள். ரூன்ஸ்கேப்பில் பாட்டைத் தடுக்கவே திடீர் நிகழ்வுகளை வைத்தார்கள். நாளடைவில் அவற்றையும் தீர்க்கும் ஸ்கிரிப்ட்கள் வந்துவிட்டன.

மெமரி படிக்கும் பாட்டுக்குக் கண்ணில் படாத ஒரு பொருளை வைத்துப் பொறி அமைக்கலாம். திரையில் உருவம் இருக்காது, பட்டியலில் மட்டும் இருக்கும். அதைத் தாக்கப் போகிறவர் திரையைப் பார்த்து ஆடவில்லை. ஆனால் டேப் விசையால் அடுத்த எதிரியைத் தேர்ந்தெடுக்கும் வசதி உள்ள கேமில், அப்பாவி ஆட்டக்காரரின் டேப்பும் அதன்மேல் போய் நிற்கும். டேப் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிட்டு, வெவ்வேறு மூன்று நாள் சிக்கினால் மட்டும் கணக்கில் எடுங்கள்.

பணம் போகும் வழி

பெரும்பாலான பாட் கூட்டங்கள் கோல்டை (கேமுக்குள் புழங்கும் பணம்) நிஜப் பணத்துக்கு விற்கத்தான் ஓடுகின்றன. விற்க வேண்டுமென்றால் சம்பாதித்தது ஓரிடத்தில் சேர வேண்டும். ஈடு எதுவும் வாங்காமல் கொடுத்த பரிமாற்றங்களை மட்டும் எடுத்து வரையுங்கள். முப்பது அக்கவுண்ட்டிலிருந்து ஒன்றுக்கு ஒருவழியாக வந்து, அங்கிருந்து முன்பின் பேசியிராத பலருக்குச் சிதறினால் அது கிடங்கு. கில்ட் (ஆட்டக்காரர்கள் சேர்ந்த குழு) வங்கியைப் பார்த்துக்கொள்பவரும் இதே வடிவில் தெரிவார், ஆனால் அவர் உறுப்பினர்களுக்குத் திருப்பியும் கொடுப்பார், அவர்களோடு பேசியும் இருப்பார். ஈவ் ஆன்லைனில் 2009-இல் ஒரே நடவடிக்கையில் 6,000-க்கும் மேற்பட்ட அக்கவுண்ட்களை நீக்கினார்கள். சர்வர் சுமை கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியது.

தடை போடும் முன்

இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் பேரில் 2,000 பாட். உங்கள் சோதனை நூற்றுக்கு 99 பாட்டைப் பிடிக்கிறது, மனிதரில் நூற்றுக்கு ஒருவரை மட்டும் தப்பாகக் காட்டுகிறது. பிரமாதமான சோதனைதான். ஆனாலும் 1,980 பாட்டோடு 980 அப்பாவிகளும் மாட்டுவார்கள், அதாவது மூன்றில் ஒருவர். ஆகவே ஒற்றைச் சோதனையை வைத்து யாரையும் தடை செய்யாதீர்கள். நேரம், இடைஞ்சல், பணம் மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும். அதற்குப் பிறகும் ஒருவர் பதினைந்து நிமிட ரீப்ளேயைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரே அக்கவுண்ட்டை மாறி மாறி ஆடும் அண்ணன் தம்பி இருபது மணி நேரம் ஆன்லைனில் இருப்பார்கள். அது பகிர்வு விதி மீறலாக இருக்கலாம், பாட் இல்லை. கை இயலாமையால் தானியங்கி விசை பயன்படுத்துபவரின் இடைவெளியும் தட்டையாகவே இருக்கும். ஐபி முகவரியைச் சாட்சியாகவே எடுக்காதீர்கள், மொபைல் இணையத்தில் முன்பின் தெரியாதவர்கள் ஒரே முகவரியில் இருப்பார்கள்.

உறுதியானாலும் அந்த நிமிடமே தடை செய்ய வேண்டாம். செய்தால் எதனால் மாட்டினோம் என்று பாட்காரர் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார். சேர்த்து வைத்து ஒரே அலையாகப் போடுங்கள், அலைகளுக்கு நடுவே உள்ள நாட்களை மாற்றிக்கொண்டே இருங்கள். அதுவரை கோல்டு வெளியேறாமல் இருக்க, அந்த அக்கவுண்ட்களின் பரிமாற்றத்தையும் அஞ்சலையும் தாமதப்படுத்தலாம். திருடப்பட்ட அக்கவுண்ட்களிலும் பாட் ஓடும். புதிய சாதனம், மாறிய கடவுச்சொல், திடீரெனப் பாட் நடத்தை மூன்றும் சேர்ந்தால் தடைக்குப் பதில் பூட்டு போட்டு, உரியவருக்கு மீட்கும் வழி கொடுங்கள்.

பரிமாற்றத்தையே நிறுத்திவிட்டால் பாட்டுக்கு வருமானம் இல்லையே என்று தோன்றும். ரூன்ஸ்கேப் அதைச் செய்து பார்த்தது. 2008 தொடக்கத்தில் கட்டுப்பாடற்ற பரிமாற்றம் போனது, ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள், 2011 பிப்ரவரியில் அது திரும்பி வந்தது. பாட்டும் கூடவே பெருகியது. அதே ஆண்டு அக்டோபரில் கூட்டமாகத் தடை போட வேண்டியிருந்தது. புதிய அக்கவுண்ட்டுக்கு மட்டும், குறிப்பிட்ட நிலையை எட்டும் வரை பரிமாற்ற வரம்பு வைப்பது இதைவிடச் சேதம் குறைந்த வழி.

மேல்முறையீட்டை, தடை போட்டவர் அல்லாத இன்னொருவர் பார்க்கட்டும். எந்த விதி, அதன் எந்தப் பதிப்பு, எந்த நேர லாக் என்பது அக்கவுண்ட் குறிப்பில் முன்பே இருக்க வேண்டும். ஒரே விதியால் மாட்டியவர்களில் இருபதில் ஒருவருக்கு மேல் தடை ரத்தானால், அந்த விதியை நிறுத்தி, அதனால் இதுவரை தடையான எல்லா அக்கவுண்ட்களையும் மறுபடி சரிபாருங்கள். மேல்முறையீடு செய்யாதவர்களையும் சேர்த்து.