ப்ராஜெக்டைப் பென் டிரைவை நம்பி விடாதீர்கள்

கல்லூரி ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முதல் நாள் இரவு பென் டிரைவ் திறக்காமல் கண்கலங்கி நின்ற நண்பனைப் பார்த்திருக்கிறேன். லேப்டாப்பில் இருந்தவை 'ஃபைனல்', 'ஃபைனல்2', 'புது ஃபைனல்' என்று மூன்று ஃபோல்டர்கள். எது ஓடும் என்று அவனுக்கே தெரியவில்லை.

ப்ராஜெக்ட் தொடங்கும் அன்றே கிட் (Git) பயன்படுத்தத் தொடங்கிவிடுங்கள். கோடில் செய்யும் மாற்றங்களை வரிசையாகப் பதிந்துவைக்கும் கருவி இது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதியது. நான்கு பேர் குழுவுக்கும் அருமையாகப் பொருந்தும். கிட் ப்ராஜெக்டுகளை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப்பில், மற்றவர் பார்க்க முடியாத பிரைவேட் ரெப்போ (ப்ராஜெக்ட் ஃபோல்டர்) இலவசம்தான். லேபை விட்டுக் கிளம்பும் முன் ஒரு கமிட் (மாற்றங்களைக் குறிப்போடு பதிவது), ஒரு புஷ் (அதைக் கிட்ஹப்பில் ஏற்றுவது). கமிட் குறிப்பில் 'மாற்றம்' என்று மட்டும் எழுதாமல், 'லாகின் பக்கத்தில் காலி பாஸ்வேர்டைத் தடுத்தேன்' என்பதுபோல எழுதுங்கள். வைவாவில் யார் எதைச் செய்தீர்கள் என்று கேட்டால் அந்த வரிகளே கைகொடுக்கும்.

ஒன்றில் மட்டும் கவனம். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உள்ள ஃபைலை ஏற்றிவிடாதீர்கள். பிறகு அழித்தாலும் பழைய கமிட்டில் அது அப்படியே கிடக்கும். தவறி ஏற்றிவிட்டால் முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அப்புறம், 100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலை கிட்ஹப் ஏற்காது. பெரிய டேட்டாசெட்டைக் கூகுள் டிரைவில் தனியாக வையுங்கள்.