கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பு மண்டலங்களை அமைக்கும் முறை

ஃபிட்னஸ் கைக்கடிகாரத்தின் திரையில் ஐந்து வண்ணங்களில் தோன்றும் இதயத் துடிப்பு மண்டலங்கள், அதாவது உழைப்பின் கடுமையைத் துடிப்பைக் கொண்டு பிரித்துக் காட்டும் படிநிலைகள், நம் உடலை அளந்து வகுக்கப்பட்டவை என்றே பலரும் நம்புகிறார்கள். ஆனால் பல கடிகாரங்கள் நாம் பதிவு செய்த வயதை மட்டும் எடுத்துக்கொண்டு, 220இலிருந்து அதைக் கழித்து வரும் எண்ணையே நம்முடைய அதிகபட்சத் துடிப்பாகக் கொள்கின்றன. அதில் 50 முதல் 60 விழுக்காடு வரை முதல் மண்டலம், 60 முதல் 70 வரை இரண்டாம் மண்டலம் என்று பத்துப் பத்தாகப் பிரித்துவிடுகின்றன. இந்தச் சூத்திரம் மக்கள் தொகுதி ஒன்றின் சராசரிக்குப் பொருந்துமே தவிர, தனி ஒருவரின் உண்மையான உச்சம் அதற்கு மேலேயோ கீழேயோ 10 முதல் 12 துடிப்புகள் விலகியிருப்பது மிகச் சாதாரணம். 2001இல் டனாகாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட சூத்திரம், அதாவது வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிப்பது, மூத்த வயதினருக்குக் கூடுதலாகப் பொருந்துகிறது. எனினும் அதுவும் சராசரிதான். ஆகவே மண்டலங்களைத் தொடுவதற்கு முன், ஓய்வுநிலைத் துடிப்பு, அதிகபட்சத் துடிப்பு ஆகிய இரண்டு எண்களையும் நம் உடலிலிருந்தே பெற வேண்டும்.

ஓய்வுநிலைத் துடிப்பை அளப்பது எளிது. காலையில் விழித்ததும், படுக்கையை விட்டு எழுவதற்கு முன், ஒரு நிமிடத்திற்கு எத்தனை துடிப்புகள் என்று பார்த்து, ஒரு வாரத்துக்குக் குறித்து வைத்துச் சராசரி எடுத்தால் போதும். காய்ச்சல் அடித்த நாளையும் தூக்கம் கெட்ட நாளையும் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அதிகபட்சத் துடிப்பு அப்படிப்பட்டதன்று. அதைக் காண உடலை அதன் எல்லைவரை உழைக்க வைக்க வேண்டும். இதய நோயோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்களும், நெஞ்சுவலி அல்லது மயக்கம் கண்டவர்களும், நெடுங்காலமாகப் பயிற்சி இல்லாதவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. பீட்டா பிளாக்கர் வகை மருந்து உட்கொள்பவர்களுக்கு அந்த மருந்தே துடிப்பின் உச்சத்தைத் தாழ்த்திவிடுவதால், வயதை வைத்துப் போடும் எந்தச் சூத்திரமும் பொருந்தாது; அவர்கள் தங்களுக்குரிய வரம்பை மருத்துவரிடமே கேட்டுப் பெற வேண்டும். மற்றவர்கள் 15 நிமிடம் உடலைச் சூடேற்றிய பின், மிதமான ஏற்றம் ஒன்றில் இரண்டு மூன்று நிமிடங்கள் வேகமாக ஓடி, மெதுவாக இறங்கி வந்து, இதை மூன்று முறை செய்ய வேண்டும். மூன்றாவது ஓட்டத்தில் கடைசி நொடிவரை இயன்ற முழு வேகத்தையும் கொடுக்க வேண்டும். அப்போது பதிவாகும் மிக உயர்ந்த எண்ணே நமக்குத் தேவையானது.

இந்தச் சோதனைக்கு மட்டுமாவது மார்புப் பட்டை அணிந்துகொள்வதை வலியுறுத்துவேன். மார்புப் பட்டை இதயத்தின் மின் சைகையை நேரடியாக உணர்கிறது. மணிக்கட்டிலுள்ள சென்சாரோ பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு துடிப்பைக் கணிக்கிறது. பட்டி தளர்வாக இருந்தால், அது கால்கள் தரையில் படும் தாளத்தையே இதயத் துடிப்பாக எடுத்துக்கொண்டு, மெதுவான ஓட்டத்திலும் 170, 180 என்று காட்டிவிடும். மார்புப் பட்டை இல்லையென்றால், மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, நகராத அளவுக்கு இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, எந்தக் கணக்கு முறை என்பதைத் தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலானோர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். 45 வயதுள்ள ஒருவரின் உண்மையான உச்சம் 188, ஓய்வுநிலைத் துடிப்பு 58 என்று வைத்துக்கொள்வோம். வயதுச் சூத்திரம் அவருக்கு 175 என்று உச்சம் கொடுத்து, இரண்டாம் மண்டலத்தை 105 முதல் 122 வரை வகுக்கும். உண்மையான உச்சத்தின் விழுக்காட்டில் கணக்கிட்டால் அதே மண்டலம் 113 முதல் 132 ஆகிறது. கார்வோனென் பெயரால் அறியப்படும் முறையில், உச்சத்திலிருந்து ஓய்வுநிலைத் துடிப்பைக் கழித்து வரும் 130இல் விழுக்காடு கண்டு, அதனுடன் 58ஐ மீண்டும் கூட்ட வேண்டும். அப்போது 136 முதல் 149 வரை வருகிறது. ஒரே மனிதருக்கு, ஒரே பெயருள்ள மண்டலத்திற்கு, மூன்று வெவ்வேறு எல்லைகள்! ஆகவே ஒரு பயிற்சித் திட்டம் ‘இரண்டாம் மண்டலத்தில் ஓடுங்கள்’ என்று சொன்னால், அத்திட்டம் எந்த முறையைக் கருதி எழுதப்பட்டது என்று பார்த்து, கடிகாரத்திலும் அதே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எண்களைப் பதிவது சில நிமிட வேலை. கார்மின் கடிகாரங்களில் பயனர் விவரப் பகுதியிலுள்ள இதயத் துடிப்பு மண்டலங்கள் என்ற இடத்தில் உச்சத்தையும் ஓய்வுநிலைத் துடிப்பையும் இட்டு, கணக்கு முறையையும் தேர்ந்தெடுக்கலாம். உச்சத்தைத் தானாகக் கண்டறியும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுவது நல்லது. சென்சாரின் ஒரே ஒரு தவறான தாவல் அத்தனை மண்டலங்களையும் மேலே தள்ளிவிடக்கூடும். ஆப்பிள் வாட்ச் கார்வோனென் முறையில் மண்டலங்களைத் தானே கணித்து, ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் புதுப்பிக்கிறது. அமைப்புகளில் உடற்பயிற்சிப் பகுதிக்குச் சென்று, தானியங்கி நிலையைக் கைமுறைக்கு மாற்றினால், எல்லைகளை நாமே எழுதலாம்.

சைக்கிள் ஓட்டுபவர்கள் அதற்கெனத் தனி மண்டலங்கள் வைத்துக்கொள்ள வேண்டும். ஓட்டத்தில் எட்டும் உச்சத்தை இருக்கையில் அமர்ந்தபடி பெரும்பாலோரால் எட்ட முடியாது. நீச்சலில் அது இன்னும் குறையும்.

அமைத்து முடித்ததும், வெயில் இல்லாத ஒரு நாளில் அரை மணி நேரம் நிதானமாக ஓடி, பேசிப் பாருங்கள். மூச்சு வாங்காமல் முழு வாக்கியங்களாகப் பேச முடிகிற வரை அது எளிய உழைப்பு. பேச்சு துண்டு துண்டாக உடையத் தொடங்கும் இடத்தில் திரையில் என்ன எண் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எளிய ஓட்டத்துக்கென நீங்கள் வைத்திருக்கும் மண்டலத்தின் மேல் எல்லை அதைத் தாண்டியிருந்தால், கணக்கு என்ன சொன்னாலும், அந்த எல்லையை அந்த எண்ணுக்குக் கீழே இறக்கிவிடுங்கள்.